மரை வேட்டைக்கு வழித்துணை

பாரிசில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், விமான டிக்கெட் போடும் ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். சென்னை, கொழும்பு, டொரொன்டோ, லண்டன்: எங்கள் ஆட்கள் போகிற இடங்கள் அநேகமாக இவ்வளவுதான். கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா என்று போகிற காரணங்களும் எனக்குப் பாடம். ஆள் வந்து கதிரையில் இருக்கிற விதத்தைப் பார்த்தே எங்கே, எதற்கு என்று பாதி ஊகித்துவிடுவேன். ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் அண்ணை ஒரு பிரெஞ்சுக்காரரோடு உள்ளே வந்து, "பிள்ளை, கொலராடோவுக்குப் போறதெண்டா எங்கை இறங்கவேணும்?" என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை.

"அங்கை ஆரண்ணை இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. வேட்டைக்குப் போறம்."

அண்ணை ஒபர்வில்லியேயில் ஒரு இறைச்சி மொத்தக் கடையில் வெட்டுகிற வேலை செய்கிறார். கூட வந்தவர் பல வருடங்களாக அதே மேசையில் அண்ணைக்கு எதிரே நின்று வெட்டுகிறவர். பாரிசுக்குத் தெற்கே சொலோன் காட்டுப் பகுதியில் பிறந்து, தகப்பனோடு வேட்டையாடி வளர்ந்த ஆள். அண்ணைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததும் அவர்தான். அண்ணை பரீட்சைக்குப் படித்து வேட்டைப் பெர்மி என்கிற அனுமதிப்பத்திரம் எடுத்து வந்த நாளில் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இனித் தன்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது என்று கேட்டார்.

இருவரும் தேடிப் போக நினைத்த மிருகத்தைப் பிரெஞ்சில் வாப்பித்தி என்கிறார்கள், ஆங்கிலத்தில் எல்க். கணினியில் படத்தைத் திருப்பிக் காட்டினேன். அண்ணை பார்த்தவுடன், "மரை மாதிரிக் கிடக்கு" என்றார். நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். மரை என்கிற பெரிய மானின் இறைச்சி வற்றலைச் சின்ன வயதில் தின்றிருக்கிறோமே தவிர மரையை நான் கண்டதில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது, இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எங்கள் மரையையும் எல்க் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இரண்டும் வேறு வேறு மிருகங்கள். என்றாலும் அன்றிலிருந்து எங்களுக்குள் அதன் பெயர் மரை.

டிக்கெட் ஒரு சாட்டு. உண்மையில் அவர்கள் வந்தது வேறொரு பிரச்சினையோடு. பிரெஞ்சுக்காரருக்கு வழிகாட்டி எவரும் வேண்டாம். வரைபடத்தைப் பார்த்து, கூடாரத்தை முதுகில் போட்டுக்கொண்டு, தாங்களே மலையேறவேண்டும் என்பது அவருடைய ஆசை. அண்ணைக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் ஏன் என்று அவர் சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் ஓடாது. அதனால் நான் விசாரித்துச் சொல்லவேண்டும்.

அப்போது எனக்கு அவர்களுடைய வேட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. துப்பாக்கியோடு காட்டுக்குள் சுற்றித் திரிவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அங்கே சுற்றித் திரிய இடமே இல்லை. காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து ஒருவர் விதிகளைச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரையும் பாதையோரமாக ஒவ்வோர் இடத்தில் நிறுத்தினார்கள். கொம்பு ஊதினால் தொடக்கம், மறுபடி ஊதினால் முடிவு. அதுவரைக்கும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. தூரத்தில் ஆட்களும் நாய்களும் சத்தம் போட்டு மிருகங்களைக் கலைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணை செம்மஞ்சள் மேற்சட்டையோடு ஓக் மரமொன்றின் பக்கத்தில் நின்றார், அவருக்குப் பின்னால் நான். ஒரு பன்றி எங்களைத் தாண்டி ஓடியது. அது ஓடிய கோணத்தில் சுடக் கூடாதாம். அவர் துப்பாக்கியை உயர்த்தவில்லை.

"இவ்வளவுதானோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இவ்வளவுதான். நிக்கச் சொன்ன இடத்திலை நிக்கிறது."

பிரெஞ்சுக்காரரின் ஆசை அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாழ்நாள் முழுக்க இன்னொருவர் காட்டிய இடத்தில் நின்று வேட்டையாடிய மனிதர், ஒரு தடவையாவது தன் காலுக்குத் தோன்றிய திசையில் போகப் பார்க்கிறார். விளங்காமல் மிஞ்சியது அண்ணையின் தயக்கம்தான்.

கடையில் ஆட்கள் குறைந்த நேரங்களில் வாசிக்கத் தொடங்கினேன். கொழும்புக்கு டிக்கெட் கேட்டு வருபவர் போனதும் மலை, வந்தால் மறுபடி கொழும்பு. தனியாகப் போனவர்கள் எழுதியதைத்தான் அதிகம் வாசித்தேன். மரையின் பெரிய தொடையொன்றை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு வியர்வையும் சேறுமாக நிற்கும் ஆட்களின் படங்கள் இருந்தன. மரை குதிரையளவு மிருகம். சுட்டபிறகு இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். தனியாகப் போனால் துண்டு துண்டாக வெட்டி, அதே மலையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கித் தூக்கவேண்டும். வெயில் பட்டால் பழுதாகிவிடும். கரடி மணம் பிடித்தால் வேறு கதை. சுடுவது ஒரு கணம், மிச்சம் முழுக்கச் சுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு அது குறையாகத் தெரிந்ததாக எனக்குப் படவில்லை.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற நிறுவனத்தை அவுட்ஃபிட்டர் என்கிறார்கள். அவர்களிடம் குதிரை, கூடாரம், சமையல்காரர், வழிகாட்டி எல்லாம் உண்டு. மரை நிற்கிற இடத்துக்கே கூட்டிப் போய், எப்போது சுடவேண்டும் என்றும் காதுக்குள் சொல்வார்களாம். செலவும் அதற்கேற்ற மாதிரி. இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழியும் இருந்தது. குதிரையில் கொண்டுபோய், மலைக்குள் ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிற கூடாரத்தில் விட்டுவிட்டு அவுட்ஃபிட்டர் இறங்கிவிடுவார். வேட்டை உங்கள் பாடு. கடைசியில் வந்து உங்களையும் இறைச்சியையும் ஏற்றிக்கொண்டு போவார்.

இரண்டு பேருக்கும் பொருத்தமானதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு அண்ணையைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து வந்தார். எங்கள் கடைக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். மூன்று வழியையும் விளக்கிச் சொன்னேன். அவர் தேத்தண்ணியோடு வாங்கின ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப ஏஜென்சிக்காரன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஆட்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்து விட்டவர்களுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் அதுதான் பெயர். இந்தத் தெருவில் நடக்கிற என் வயதுக்காரரில் பாதிப்பேர் அப்படி ஒருவரை நம்பி வந்தவர்கள்தான். நான் பிறகு விமானத்தில் வந்தவள். அண்ணை வந்தது தொண்ணூறுகளில், தரைவழியாக. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அவர் சிரிக்கவில்லை.

"அந்த நடு வழி எனக்குச் சரிவராது. கொண்டுபோய் விட்டிட்டுப் போறவன் திரும்பி வருவான் எண்டதுக்கு என்ன?"

"ஏனண்ணை, உங்களை ஆரும் விட்டிட்டுப் போனவங்களோ?"

ரோல்ஸைத் தட்டில் வைத்தார். பிறகு ஏதோ பஸ் தவறிய கதை போலச் சொன்னார். பனிக்காலம். எந்த நாடென்று அவருக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஒரு லொறியில் கொண்டுவந்து காட்டோரம் இறக்கிய ஏஜென்சிக்காரன், இந்த மரத்தடியிலேயே நில்லுங்கள், இன்னொருவன் வந்து கூட்டிப் போவான் என்று சொல்லிவிட்டுப் போனான். நின்றார்கள். இருட்டியது, விடிந்தது. சத்தம் போடக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அதையும் செய்யவில்லை.

"பிறகு?"

"ஒருத்தனும் வரேல்லை. நாங்களே நடந்தம். ஒரு றோட்டுக்கு வந்து பொலிசிட்டைப் பிடிபட்டம். அதாலை தப்பினம்."

அப்படியானால் காடென்றாலே வெறுத்திருக்கவேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. ஞாயிறு தவறாமல் ஏன் அதற்குள்ளேயே போய் நிற்கிறார்? கேட்டேன்.

"காடு என்ன செய்தது பிள்ளை? விட்டிட்டுப் போனது அவன்தானே."

ரோல்ஸை எடுத்துக் கடித்தார். அந்தக் கதை அத்துடன் முடிந்தது.

பிரெஞ்சுக்காரரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அண்ணையே சொன்னாரா என்றும் தெரியாது. ஆனால் அடுத்த கிழமை இருவரும் கடைக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர் தன் பிடிவாதத்திலிருந்து கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். கூட்டிக்கொண்டு போய் விடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒருதரம் பேசிப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் விடுவோம் என்றார். சிலருக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில்களில் ஒன்று ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. அவரும் தம்பியும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் வைத்து நடத்துகிறார்கள். எங்களுக்குச் சாயந்தரம், அவருக்குக் காலை. தொலைபேசியை மேசையில் வைத்து, மூன்று பேரும் சுற்றியிருந்து பேசினோம். பின்னால் ஏதோ மிருகம் செருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிரெஞ்சுக்காரர் மலையின் உயரம், தண்ணீர், கரடி என்று கேட்டார். அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கூட்டிக்கொண்டு போக எந்த நாள் வருவா எண்டு கேள்."

கேட்டேன். அந்தப் பெண் சொன்னார்: ஒரு நாள் குறித்துக்கொள்வோம். ஆனால் அந்த மாதத்தில் பனி கொட்டினால் பாதை அடைபட்டுவிடும். போன வருடமும் பிந்தித்தான் போனேன். நாளுக்கு நான் உறுதி சொல்லமாட்டேன், வருவேன் என்பதற்குச் சொல்வேன். பிந்தினால் நடந்து இறங்கப் பார்க்கவேண்டாம், கூடாரத்திலேயே இருங்கள், அடுப்பும் விறகும் மேலதிகச் சாப்பாடும் வைத்துவிட்டுத்தான் நான் இறங்குவேன். செய்மதி வழியாகச் செய்தி அனுப்புகிற கருவியொன்றும் தருவேன்.

தமிழில் சொன்னேன். அண்ணை தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நெருப்பு மூட்டலாமோ எண்டு கேள்."

அந்தக் கேள்வி அந்தப் பெண்ணுக்கு விநோதமாக இருந்திருக்கவேண்டும். தாராளமாக, எவ்வளவு வேண்டுமானாலும் என்றார்.

"அப்ப சரி" என்றார் அண்ணை.

தொலைபேசியை வைத்தபிறகு, எதை வைத்துச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். எல்லா ஏஜென்சிக்காரரும் நாளும் நேரமும் சொல்லித்தான் கூட்டிவந்தவர்கள், சொல்லமாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் இவதான் என்றார்.

வெளிநாட்டு ஆட்களுக்கு வேட்டை அனுமதி குலுக்கலில் விழவேண்டும். விழுந்தது. துப்பாக்கியை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக இன்னொரு அனுமதி, அதற்கும் நான்தான் எழுதினேன். இருவரும் ஒரே நேரத்தில் கொன்ஜே, அதாவது லீவு, கேட்டதில் முதலாளியோடு சின்னச் சண்டை. கோடை முழுக்க அண்ணை மலையேறப் பழகினார். அவர் இருப்பது பொபினியில், உயரமான கட்டடம் ஒன்றில். அரிசிப் பையொன்றை முதுகுப்பைக்குள் வைத்து மாடிப்படியில் ஏறி இறங்குவார். லிஃப்ட் வேலை செய்யேல்லையோ என்று அயலவர்கள் தன்னைக் கேட்பதாக அண்ணி குறைப்பட்டார்.

ஒக்டோபரில் போனார்கள். அந்தக் கருவியிலிருந்து வருகிற செய்திக்கு என்னுடைய இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். அங்கே இரவு அனுப்புவது எனக்குக் காலையில், பெரும்பாலும் மெட்ரோவில் வரும்போது கிடைக்கும். ஆங்கில எழுத்தில் தமிழ். "சுகம்." "குளிர்." "நடந்து கால் நோகுது." ஒருநாள், "பெரிசு ஒண்டு கண்டது. சுடேல்லை." ஏனென்று நான் திருப்பி எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த நாள், "சின்னன் ஒண்டு கிடைச்சிட்டுது."

குறித்த நாளுக்கு மறுநாள் காலை, கீழே இறங்கிவிட்டோம் என்று செய்தி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது இதுதான்: "சரியான பனி. அவ வரேல்லை."

கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். பதிவுசெய்த குரல்தான் பேசியது. அங்கே நடுச்சாமம் என்று அப்போதுதான் உறைத்தது. கதிரையில் ஒரு அம்மா வந்து இருந்தார். மகளின் கலியாணத்துக்குச் சென்னையில் சேலை எடுக்கப் போகிறார். போகும்போது எவ்வளவு பாரம், வரும்போது எவ்வளவு பாரம் என்று கேட்டார். ஒரே கேள்வியை அவர் இரண்டுதரம் கேட்கவேண்டி வந்தது. என் மனதில் இருந்தது மரத்தடியில் நெருப்பில்லாமல் நிற்கிற ஓர் இளந்தாரி. இப்போது ஐம்பதைத் தாண்டியவர், தலையில் பாதி நரை. இருந்தும் எனக்கு அந்த இளந்தாரிதான் தெரிந்தான்.

பின்னேரம் அந்தப் பெண்ணே எடுத்தார். பாதையில் மரங்கள் விழுந்துகிடக்கின்றன, தானும் தம்பியும் வெட்டிக்கொண்டு போகிறோம், அவர்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறோம் என்றார். குரலில் பதற்றம் இல்லை. அதற்குப் பிறகு அண்ணையிடமிருந்து வந்தது: "சாப்பாடு இருக்கு. விறகு இருக்கு. நாங்கள் இருக்கிறம்." அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தன்பாட்டில் செபமாலையை எடுத்தார்.

அடுத்த நாள் செய்தி காலையில் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போதும் இல்லை. நான் கடையை மூடப் போகிற நேரத்தில் வந்தது: "வந்திட்டா. கோவேறு கழுதையளோடை."

அதை வாசித்துவிட்டுக் கடையைப் பூட்டமுன்னரே அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அவர்கள் திரும்பி வந்த கிழமை மூன்று பேரும் அதே தேத்தண்ணிக் கடையில் கூடினோம். பெரிய மரையை ஏன் சுடவில்லை என்பதுதான் என் முதல் கேள்வி. பிரெஞ்சுக்காரருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நல்ல கொம்பு, நல்ல தூரம், அசையாமல் நின்றது, இவர் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றார்.

"அது நிண்டது பள்ளத்துக்குக் கீழை" என்றார் அண்ணை. "விழுந்தா ஆர் மேலை தூக்கிறது? நாங்கள் இரண்டு பேரும் கிழவங்கள்."

அடுத்த நாள் கூடாரத்துக்குப் பக்கத்துச் சரிவில், கொம்பில்லாத பெண் மரை ஒன்றை அண்ணை சுட்டார். அதைத் தூக்கி முடிக்கவே பொழுது பட்டுவிட்டதாம். மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். பனி கொட்டியது இறைச்சிக்கு நல்லதாய்ப் போயிற்று. காத்திருந்த அந்த நேரத்தில் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பயந்தது பிரெஞ்சுக்காரர். அவரே ஒப்புக்கொண்டார். கூடாரத்துணி பனிப் பாரத்தில் தாழ்ந்ததும் அவரால் இருக்க முடியவில்லை. வரைபடத்தை விரித்து, நடந்தே இறங்கிவிடலாம் என்று காலையும் மாலையும் வாதாடினார். அண்ணை அசையவில்லை. விறகைப் போட்டு அடுப்பை எரித்துக்கொண்டு, கொண்டுபோன மிளகாய்த்தூளில் ஈரலைப் பிரட்டி வாட்டிக்கொண்டு இருந்தார்.

"இவர் என்ன சொன்னார் தெரியுமா?" என்று பிரெஞ்சுக்காரர் என்னிடம் திரும்பினார். "அந்தப் பெண் வருவாள் என்று மட்டும்தான். ஒரு நாளைக்கு நூறு தரம்."

"நூறு தரம் இல்லை" என்றார் அண்ணை.

இறைச்சியை இங்கே கொண்டுவர விடமாட்டார்கள். அந்த ஊரிலேயே வெட்டிப் பொதிசெய்து, அந்தப் பெண்ணுக்கும் தம்பிக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். மிச்சத்தை ஊர்த் தேவாலயத்தில் இல்லாதவர்களுக்குச் சமைக்கிற இடத்தில் விட்டார்கள். அங்கே இருந்த வயதான ஒருவர், எந்த ஊர் என்று அண்ணையைக் கேட்டாராம். பாரிஸ் என்றதும், நம்பாமல் மறுபடியும் கேட்டாராம்.

இப்போது இரண்டு பேரும் இடம் மாறி நிற்கிறார்கள். அடுத்த முறை முழுக்க முழுக்க வழிகாட்டியோடுதான் போகவேண்டும், தினமும் மாலையில் பக்கத்தில் ஓர் ஊர் ஆள் இருக்கவேண்டும் என்கிறார் பிரெஞ்சுக்காரர். அண்ணை, பாதை பழகிவிட்டது, அடிவாரத்தில் சிறிதாக ஓர் இடம் பார்த்து நாங்களே கூடாரம் அடிக்கலாம் என்கிறார். எது நல்லதென்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியவேண்டியிருந்தது வேறொன்று. அந்த மரை கத்துவது எப்படியிருக்கும் என்று கேட்டேன். இங்கேயுள்ள மான்கள் செப்டெம்பரில் மாடு போல உறுமுவதைக் கேட்டிருக்கிறேன்.

"அப்பிடியில்லை. அது வேறை" என்றார் அண்ணை. சுற்றிப் பார்த்தார். இரண்டு மேசை தள்ளிச் சிலர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கையை வாயருகே குவித்து, அடித்தொண்டையில் மெல்லத் தொடங்கி, மேலே மேலே இழுத்துக்கொண்டு போனார். உச்சியில் குரல் பிளந்து விசிலாகியது. பத்திரிகைகள் தாழ்ந்தன. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இதில்லை" என்று அண்ணை தலையாட்டினார். "இன்னும் மேலை போகும்."

பிரெஞ்சுக்காரர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, தான் செய்துகாட்டுவதாகத் தொண்டையைச் செருமினார்.